வீட்டு மீன்தொட்டிக்கு ஏஞ்சல் மீனா, மலாவி சிக்லிட் மீனா?

இரண்டும் சிக்லிட் என்ற மீன் குடும்பம்தான், ஆனால் ஒரே தொட்டியில் சேர்க்கவே கூடாது. அமேசான் பகுதி ஏஞ்சலுக்கு மென்னீர், பிஹெச் (அமில-கார அளவு) 6–7 போதும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறை மீன்களுக்குக் கடின நீர், பிஹெச் 8 வேண்டும்.

ஏஞ்சலுக்குத் துணையாக கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி நல்ல தேர்வு. நியான் டெட்ரா போன்ற பொடி மீன் வேண்டாம்; வளர்ந்த ஏஞ்சல் விழுங்கிவிடும். டைகர் பார்ப் மீனோ ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்துக் குதறும், பார்க்கவே மனம் பொறுக்காது.

மலாவி மீன்கள் இடத்துக்காக ஓயாமல் மோதும். 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி, நிறையப் பாறை இடுக்குகள், ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். பாசி மேயும் வகைகளுக்குப் புழுத்தீனி போடாதீர்கள், வயிறு ஊதிச் செத்துவிடும். துணைக்கு சினோடான்டிஸ் கெளுத்தி.

போர்வெல் தண்ணீர் கடினமாக வரும் வீடென்றால், நான் மலாவியைத்தான் சொல்வேன்.