அயர்லாந்தின் உற்பத்தித்திறன் அட்டவணைகள்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம், சுருக்கமாக சி.எஸ்.ஓ., வெளியிடும் உற்பத்தித்திறன் அட்டவணைகளுக்குக் கட்டணம் கிடையாது, பதிவும் தேவையில்லை. நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தையும் இரண்டு பெட்டியாகப் பிரித்து, ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு உருவாகிறது என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஒரு பெட்டி அந்நிய நிறுவனங்களின் ஆதிக்கத்தில் உள்ள துறைகள். இன்னொன்று ‘உள்நாட்டு மற்றும் பிற’ துறைகள். மற்ற நாடுகளின் புள்ளியியல் அலுவலகங்களில் இப்படியொரு பிரிப்பு அபூர்வம். வளர்ச்சி விகிதத்தைப் பார்க்க இதற்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ‘அந்நியக் கம்பெனித் தொழிலாளி உள்ளூர்த் தொழிலாளியைவிட இத்தனை மடங்கு திறமைசாலி’ என்று எழுதுவதற்காக எடுப்பவர்களுக்கு இரண்டுகூட அதிகம்.

முதலில் பெட்டியின் பெயரே குழப்பும். நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்று பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்ததில்லை இது. துறையைப் பார்த்துப் பிரித்தது. ஒரு துறையின் மொத்த விற்றுமுதலில் அந்நியப் பன்னாட்டு நிறுவனங்களின் பங்கு சராசரியாக 85 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் துறை முழுவதும் அந்நியப் பெட்டிக்குப் போய்விடும். ரசாயனம், மருந்து தயாரிப்பு, கணினி மற்றும் மின்னணுச் சாதனங்கள், மின்கருவிகள், மருத்துவ மற்றும் பல் மருத்துவக் கருவிகள், பதிவூடக நகலெடுப்பு, மென்பொருள் மற்றும் தகவல் தொடர்பு ஆகியவைதான் அந்தப் பட்டியல். கார்க் நகரில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் ஐரிஷ் மென்பொருள் கம்பெனியும் இதன்படி ‘அந்நிய’ப் பெட்டியில் இருக்கும். நாடு முழுக்கக் கடை திறந்திருக்கும் ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டுகள் ஆல்டியும் லிடிலும் சில்லறை வணிகம் என்பதால் ‘உள்நாட்டு’ப் பெட்டியில் இருக்கும். ‘மற்றும் பிற’ என்ற இரண்டு சொற்களைச் செய்தி எழுதுபவர்கள் இடம் போதவில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டக்கூடாத சொற்கள் அவை.

அடுத்தது தொகுதி, பகுதி விவகாரம், அதாவது வகுத்தலில் மேலே இருக்கும் எண்ணும் கீழே இருக்கும் எண்ணும். தொழிலாளர் உற்பத்தித்திறன் என்பது மொத்தக் கூட்டு மதிப்பை, அதாவது ஜி.வி.ஏ.-வை, வேலை செய்த மணி நேரத்தால் வகுத்தது. கூட்டு மதிப்பு என்பது விற்பனையிலிருந்து வெளியே வாங்கிய பொருளையும் சேவையையும் கழித்த மீதி. அதில் கூலி இருக்கிறது, லாபமும் இருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது. ‘மொத்த’ என்ற சொல்லுக்கு அர்த்தமே தேய்மானம் கழிக்கப்படவில்லை என்பதுதான். இங்கேதான் அந்நியப் பெட்டியின் எண் வீங்குகிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை மருந்து ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 10 கோடி யூரோ. மூலப்பொருள் 2 கோடி. மருந்தின் காப்புரிமை வேறொரு நாட்டில் இருக்கும் சகோதர நிறுவனத்திடம் இருப்பதால் அதற்கு உரிமத்தொகை 5 கோடி. மீதி 3 கோடிதான் கூட்டு மதிப்பு. ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் மணி நேர வேலை நடக்கிறது என்றால் மணிக்கு 60 யூரோ. இப்போது அந்தக் காப்புரிமையை ஐரிஷ் ஆலையின் பெயருக்கே மாற்றி எழுதிவிடுகிறார்கள். உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை. கூட்டு மதிப்பு 8 கோடி, மணிக்கு 160 யூரோ. அதே ஆட்கள், அதே இயந்திரம், அதே மாத்திரை. ஷிப்டு நேரம்கூட மாறவில்லை. காப்புரிமையை 40 கோடிக்கு வாங்கிப் பத்தாண்டில் எழுதித் தள்ளுகிறார்கள் என்றால் ஆண்டுத் தேய்மானம் 4 கோடி. அதைக் கழித்தால் மணிக்கு 80 யூரோவாக இறங்கிவிடும். ஆனால் அட்டவணை காட்டுவது 160-ஐத்தான். முறைப்படி தப்பே இல்லை. சர்வதேசக் கணக்கு விதி அப்படித்தான் சொல்கிறது. அதைத் தொழிலாளியின் திறமை என்று வாசிப்பதுதான் தப்பு.

கற்பனை ஆலையில் நடந்தது நாட்டளவில் நடந்த ஆண்டு 2015. அந்த ஆண்டின் ஜி.டி.பி. வளர்ச்சி 26.3 சதவீதம் என்று 2016 ஜூலையில் சி.எஸ்.ஓ. அறிவித்தபோது பொருளாதார உலகமே சிரித்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் அதற்கு ‘லெப்ரகான் பொருளாதாரம்’ என்று பெயர் வைத்தார். லெப்ரகான் என்பது ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் வரும் குட்டி மாயாவி. பன்னாட்டு நிறுவனங்களின் அறிவுசார் சொத்துகள் மொத்தமாக அயர்லாந்துக்கு வந்து இறங்கியதுதான் பின்னணி. அப்போது ஐரிஷ் மத்திய வங்கி ஆளுநராக இருந்த பிலிப் லேன் தலைமையில் ஒரு மறுஆய்வுக் குழு அமைத்தார்கள்; அதன் பரிந்துரைப்படி, திருத்திய மொத்த தேசிய வருமானம் என்ற, நட்சத்திரக் குறி போட்ட புதிய அளவீடு 2017-இல் வந்தது. அந்நியச் சொத்துகளின் தேய்மானத்தையும், தலைமையகத்தைப் பெயரளவில் அயர்லாந்துக்கு மாற்றிக்கொண்ட நிறுவனங்களின் பகிராத லாபத்தையும் கழித்துக் காட்டுகிற அளவீடு அது. இரண்டு பெட்டி உற்பத்தித்திறன் அட்டவணைக்கும் அடிப்படை இதே தலைவலிதான்.

பயன்படுத்துபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நேரடி எச்சரிக்கை: 2015-ஐ உள்ளே வைத்துப் பத்தாண்டுச் சராசரி வளர்ச்சி எடுக்காதீர்கள். 2014 வரை ஒரு தொடர், 2016 முதல் இன்னொரு தொடர் என்று வெட்டுங்கள். வெட்ட மனமில்லையென்றால் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுங்கள். ஒரு மணி நேர உற்பத்தியை வைத்து அலகு உழைப்புச் செலவு, அதாவது ஓர் அலகு உற்பத்திக்கு ஆகும் சம்பளச் செலவு, கணக்கிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2015-இல் அது சரிந்து, அயர்லாந்து ஒரே ஆண்டில் போட்டித்திறனில் எங்கோ போய்விட்டது போலத் தெரியும். சம்பளம் குறையவில்லை, தொகுதி மட்டும் குதித்தது.

ஒப்பந்த உற்பத்தியும் இதே ஜாதி. ஐரிஷ் நிறுவனம் வேறு நாட்டு ஆலையில் காசு கொடுத்துப் பொருளைத் தயாரிக்கிறது. பொருள் அயர்லாந்து மண்ணைத் தொடுவதே இல்லை. ஆனாலும் உடைமை ஐரிஷ் நிறுவனத்திடம் இருப்பதால் விற்பனை அயர்லாந்தின் ஏற்றுமதி. வேலை செய்த கைகளின் மணி நேரம் மட்டும் அந்த வேறு நாட்டுக் கணக்கில் இருக்கும்.

சரி, கீழே இருக்கும் பகுதி எப்படி? தொகுதி நிறுவனங்களிடமிருந்து வருகிறது. மணி நேரம் வீடுகளிலிருந்து வருகிறது, அதாவது தொழிலாளர் படைக் கணக்கெடுப்பிலிருந்து. 2017-இன் மூன்றாம் காலாண்டில் பழைய காலாண்டுக் குடும்பக் கணக்கெடுப்புக்குப் பதிலாக வந்த கணக்கெடுப்பு இது. இரண்டு வேறு ஊற்றுகள் என்பதால் துறை மட்டத்தில் கணக்கு இடிக்கும். மருந்து ஆலைக்குள் கேன்டீன் நடத்தும் ஒப்பந்தக்காரரின் ஊழியர் ‘நான் மருந்து ஆலையில் வேலை செய்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் அவர் மணி நேரம் எந்தத் துறைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மறுபக்கம், ஆள் வழங்கும் ஏஜென்சி மூலம் ஆலைக்கு வருபவர் ஏஜென்சியின் ஊழியர் என்பதால் நிர்வாக உதவிச் சேவையில், ஆகவே உள்நாட்டுப் பெட்டியில் சேருவார். அவர் உருவாக்கும் மாத்திரை அந்நியப் பெட்டியில் இருக்கும். பெட்டி அளவில் இந்தப் பிசகு அமுங்கிவிடும். சின்னத் துறையின் காலாண்டு எண்ணில் அமுங்காது. ஆகவே காலாண்டு அட்டவணையில் ஒரு சிறு துறை திடீரென ஏறினால் உடனே காரணம் தேடிக் கட்டுரை எழுத உட்காராமல் நான்கு காலாண்டுச் சராசரியைப் பாருங்கள்.

உள்நாட்டுப் பெட்டி சுத்தமானது என்று நினைப்பவர்கள் அதிகம். அதிலும் மூன்று கற்கள் இருக்கின்றன. ஒன்று ரியல் எஸ்டேட் பிரிவு. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுத்துக்கொள்வதாகத் தேசியக் கணக்கு ஒரு தொகையை மதிப்பிட்டுச் சேர்க்கிறது. கூட்டு மதிப்பு ஏறுகிறது, உழைத்த மணி நேரம் பூஜ்யம். இதைக் கழித்து ஒருமுறையும் கழிக்காமல் ஒருமுறையும் கணக்கிட்டால்தான் உள்நாட்டு மட்டத்தின் நிஜ உயரம் தெரியும். இரண்டாவது, விமானக் குத்தகை. உலக அளவில் அயர்லாந்து இதற்குப் பெரிய மையம். மேலே சொன்ன பட்டியலில் இது இல்லை. நிர்வாக மற்றும் உதவிச் சேவைகள் என்ற பிரிவுக்குள், துப்புரவு, பாதுகாப்புக் காவல் எல்லாவற்றோடும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆட்கள் மிகக் குறைவு, விமானச் சொத்தோ கோடிக்கணக்கில். அந்தப் பிரிவின் மணி நேர எண்ணைக் காவலாளியின் உற்பத்தித்திறன் என்று எடுத்தால் கேலிக்கூத்துதான். மூன்றாவது, அரசு நிர்வாகம், கல்வி, மருத்துவம். சந்தை விலை இல்லாத சேவைக்குச் செய்த செலவையே பெரும்பாலும் உற்பத்தியாக வைக்கும்போது, உற்பத்தித்திறன் வளர்ச்சி கணக்கு முறையாலேயே பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஆசிரியரும் செவிலியரும் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை.

மொத்தப் பொருளாதார வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். மறுபடியும் கற்பனை எண்கள்: மொத்தம் 100 மணி நேரம், அந்நியப் பெட்டியில் 10 மணி, மணிக்கு 300 யூரோ, உள்நாட்டில் 90 மணி, மணிக்கு 50 யூரோ. மொத்தம் 7,500, சராசரி 75. அடுத்த ஆண்டு இரண்டு மணி நேரம் மட்டும் உள்நாட்டிலிருந்து அந்நியத்துக்கு நகர்கிறது. 12 பெருக்கல் 300, 88 பெருக்கல் 50, கூட்டினால் 8,000, சராசரி 80. தேசிய உற்பத்தித்திறன் 6.7 சதவீதம் ஏறிவிட்டது, எந்தத் துறையிலும் யாரும் ஒரு துளி முன்னேறாமலே. 2020-இல் இதன் இன்னொரு வடிவம் வந்தது: கோவிட் முடக்கத்தில் ஓட்டல், உணவகம் போன்ற குறைந்த உற்பத்தித்திறன் துறைகளின் மணி நேரம் சரிந்தது, அதனால் சராசரி மேலே போனது. ஆகவே மொத்த வரியை மட்டும் எடுத்தால் பயனில்லை. ஒவ்வொரு துறைக்கும் உள்ளே நடந்த மாற்றம் எவ்வளவு, மணி நேரம் இடம் மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்தே ஆகவேண்டும். இரண்டு பெட்டி எண்களும் மணி நேரப் பங்கும் கையில் இருந்தால் எக்செல்லில் பத்து நிமிட வேலை.

பல்காரணி உற்பத்தித்திறன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். உழைப்பு, மூலதனம் இரண்டாலும் விளக்க முடியாமல் மிஞ்சுவதுதான் அந்த எண். காப்புரிமை மூலதனத்தில் சேர்ந்துவிட்டதால் அந்நியப் பெட்டியின் வளர்ச்சியில் பெரும்பங்கை ‘மூலதனச் செறிவு’, அதாவது ஒரு மணி நேர உழைப்புக்குப் பின்னால் நிற்கும் மூலதனம் கூடுவது, விழுங்கிவிடும். தொழிலாளர் உற்பத்தித்திறன் பிரமாதம், பல்காரணி மந்தம் என்று இரண்டு வரிகள் எதிரெதிராக நின்றால் அட்டவணையில் பிழை என்று நினைக்க வேண்டாம்.

பயன்பாட்டு வசதியில் குறை சொல்ல அதிகமில்லை. சி.எஸ்.ஓ.-வின் பி.எக்ஸ்.ஸ்டாட் தரவுத்தளத்தில் சி.எஸ்.வி., எக்செல், பி.எக்ஸ்., ஜேசன்-ஸ்டாட் என நான்கு வடிவத்திலும் இறக்கிக்கொள்ளலாம். நிரல் எழுதுபவர்களுக்கு ஏ.பி.ஐ. உண்டு. சி.எஸ்.வி. ஒரு வரிக்கு ஒரு மதிப்பு என்று நீளவாக்கில் வரும், பிவட் போட்டுக்கொள்ள வேண்டும். சில கட்டங்கள் காலியாக இருக்கும். அதைப் பூஜ்யம் என்று நிரப்பிவிடாதீர்கள். 1993-ஆம் ஆண்டின் புள்ளியியல் சட்டப்படி தனி நிறுவனத்தின் விவரம் வெளியே தெரியக்கூடாது. ஒரு துறையில் ஒன்றிரண்டு ராட்சத நிறுவனங்களே இருந்தால் எண்ணை மறைத்துவிடுவார்கள், அல்லது பக்கத்துத் துறையோடு சேர்த்துவிடுவார்கள். 2015-க்குப் பிறகு இது அடிக்கடி கண்ணில் படும். ஆராய்ச்சியாளருக்கு எரிச்சல்தான், ஆனால் நியாயமான மறைப்பு.

அதிகம் பேர் சறுக்கும் இடம் சங்கிலி இணைப்பு, அதாவது ஒவ்வோர் ஆண்டையும் முந்தைய ஆண்டின் விலையில் அளந்து தொடராகக் கோக்கும் முறை. நிலையான விலையில் தரப்படும் துறை மதிப்புகளைக் கூட்டினால் மொத்தம் வராது. ஆதார ஆண்டிலிருந்து விலக விலக வித்தியாசம் பெருகும். எனவே எந்தத் துறைக்கு எத்தனை சதவீதப் பங்கு என்ற கேள்விக்கு நடப்பு விலை அட்டவணையையும், வளர்ச்சிக்கு மட்டும் நிலையான விலையையும் எடுங்கள். இரண்டையும் ஒரே ஷீட்டில் கலந்து பங்கு கணக்கிடுவது இன்றும் ஓயாத தவறு.

மாற்று வேண்டுமென்றால்? ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட், பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. ஆகியவற்றின் பட்டியல்கள் அயர்லாந்தை ஒரே எண்ணாகத் தருகின்றன, அதனால் முதல் வரிசையில் ஜொலிக்கிறது. நாடுகளுக்கிடையே ஒப்பிட வேறு வழியில்லாதபோது மட்டும் தொடலாம். உண்மையில் உரிமையாளர் வாரியாகத்தான் வேண்டும் என்பவர்கள் அந்நியத் துணை நிறுவனப் புள்ளிவிவரத்துக்குப் போக வேண்டும். இறுதிக் கட்டுப்பாடு எந்த நாட்டில் இருக்கிறது என்று நிறுவனம் நிறுவனமாகப் பார்த்துப் பிரிக்கும் தொகுப்பு அது. லிடில் அங்கே ஜெர்மனிதான், ஆறு பேர் கம்பெனி அங்கே ஐரிஷ்தான். ஆனால் கூட்டு மதிப்பு நடப்பு விலையில் இருக்கும், விவசாயம் இருக்காது, மணி நேரத்தை விட ஆள் எண்ணிக்கையை வைத்தே பெரும்பாலும் வகுக்க வேண்டியிருக்கும். பகுதிநேர ஊழியர் அதிகமுள்ள சில்லறை வணிகத்தில் ஆள்வாரி எண் உள்ளூர்க் கடைகளைத் தேவைக்கு மேல் தாழ்த்திக் காட்டும்.

சி.எஸ்.ஓ. செய்திருக்க வேண்டிய ஒரு சின்ன வேலை, தேய்மானம் கழித்த நிகர மதிப்பில் ஒரு மணி நேர எண்ணை முகப்பு வரைபடத்திலேயே பக்கத்தில் போடுவது. அது வரும்வரை தேசியக் கணக்கிலிருந்து தேய்மானத்தை எடுத்து நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்கும்போது இரண்டு அட்டவணையும் ஒரே நாளில் இறக்கியவையா என்று பாருங்கள்: ஆண்டுக் கணக்குத் திருத்தம் வந்தால் பழைய ஆண்டுகளின் எண்களும் சேர்ந்து மாறும், போன மாதம் இறக்கிய கோப்போடு இன்றையது ஒட்டாது. கோப்பின் பெயரிலேயே இறக்கிய தேதியை எழுதி வையுங்கள்.