கோலார் தங்கம் எங்கிருந்து வந்தது? போட்டி போடும் மூன்று விளக்கங்கள்

கோலார் தங்கவயலில் 1880-களில் நவீனச் சுரங்கத் தொழில் தொடங்கியது. 2001-இல் மூடும் வரை சுமார் 800 டன் தங்கம் கிடைத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்திருக்கின்றன. ஆனால் இத்தனை தங்கம் சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு பாறைப் பட்டையில் எப்படிச் சேர்ந்தது என்பதில் புவியியலாளர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை.

வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீளும் இந்தப் பட்டை பெரும்பாலும் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை. வயது சுமார் 270 கோடி ஆண்டுகள். பிறகு வெப்பமும் அழுத்தமும் அதை ஆம்பிபோலைட் என்ற நீர் குறைந்த உருமாறிய பாறையாக மாற்றிவிட்டன. இதில் தங்கம் இரண்டு வகையாக இருக்கிறது. கிழக்கே சாம்பியன் ரீஃபில் குவார்ட்ஸ் நரம்புகளுக்குள், அதாவது பாறை விரிசல்களை நிரப்பிய வெள்ளைக் கல் பட்டைகளுக்குள், தனித் தங்கமாக. கந்தகக் கனிமங்கள் அங்கே குறைவு. மேற்கே இரும்புப் படிவங்களை ஒட்டி, பைரோடைட், ஆர்சனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்களோடு. எந்த விளக்கமானாலும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் விளக்கம் கடலடி. எரிமலை கக்கிய காலத்திலேயே கடலடி வெந்நீர் ஊற்றுகள் இரும்போடும் கந்தகத்தோடும் தங்கத்தையும் படியவைத்தன என்கிறது. மேற்குப் படிவங்கள் பாறை அடுக்குக்கு இணையாகவே ஓடுவதால், அங்கே இது நன்றாகப் பொருந்துகிறது. சாம்பியன் ரீஃபுக்கு வந்தால் தடுமாறுகிறது. பாறை கெட்டியான பிறகு விரிசலில் நுழைந்தது குவார்ட்ஸ் நரம்பு. அதைக் கடலடிப் படிவு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, உருமாற்ற நீர். எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். பசால்ட் முதலில் உருமாறும்போது குளோரைட் போன்ற கனிமங்கள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அளவில் குளோரைட் சிதைந்து நீரையும், கார்பனேட்டுகள் கார்பன் டை ஆக்சைடையும் விடுகின்றன. பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் பைரோடைட்டாக மாறும்போது கந்தகமும் வெளியேறுகிறது. தங்கத்தைக் கரைத்துச் சுமப்பது இந்தக் கந்தகம்தான். அப்புறம் அந்த நீர் பிளவுப் பகுதி வழியே மேலேறுகிறது. அழுத்தம் கூடிக்கூடி நிலநடுக்கத்தில் பாறை வெடித்துத் திறக்க, அழுத்தம் சட்டென்று விழ, தங்கம் படிகிறது. விரிசல் மூடிக்கொள்ளும், மறுபடி வெடிக்கும். பல பெரிய தங்கப் பகுதிகளில் குவார்ட்ஸ் அடுக்கடுக்காக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோலாரின் பாறை ஏற்கெனவே ஆம்பிபோலைட். தன்னிடம் இருந்த நீரில் பெரும்பகுதியை அது முன்பே இழந்திருக்கும். ஆகவே நீர் இன்னும் ஆழத்தில், பிந்திச் சூடேறிய பாறையிலிருந்து வந்திருக்க வேண்டும். அல்லது நரம்புகள் முன்பே உருவாகி, பாறையோடு சேர்ந்து உருமாறியிருக்க வேண்டும். முடிவு நரம்புக்கும் உருமாற்றத்துக்கும் இடையே எது முந்தியது என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது கிரானைட். பட்டையின் இருபுறமும் கிரானைட் வகைப் பாறைகள் இருக்கின்றன; அந்தக் குழம்புகள் ஆறும்போது வெளிவிட்ட நீர் தங்கத்தைக் கொண்டுவந்திருக்கலாம். பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. கிரானைட்டும் தங்கமும் ஒரே காலத்தவை என்று காட்டவேண்டும்.

சரி, எந்தச் சோதனை பிரித்துக் காட்டும்? குவார்ட்ஸுக்குள் சிக்கிய நுண்ணிய திரவத் துளிகளைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். உப்புக் குறைவாக, கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் உருமாற்ற நீர் என்பார்கள். கோலார் போல அதிக வெப்பம் கண்ட இடத்தில் இதை மட்டும் நம்புவது ஆபத்து: பின்னால் வந்த வெப்பத்தில் துளிகள் வெடித்து மாறியிருக்கலாம். ஆக்சிஜன் ஐசோடோப்பிலும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம்) உருமாற்ற நீரின் அளவுகளும் குழம்பு நீரின் அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. கந்தக ஐசோடோப் இன்னும் கூர்மையானது. காற்றில் ஆக்சிஜன் இல்லாத அந்தக் காலத்தில், புற ஊதாக் கதிர் கந்தகத்தில் ஒரு தனி அடையாளத்தைப் பதித்தது. அந்த அடையாளம் இருந்தால் கந்தகம் ஒரு காலத்தில் காற்றைக் கடந்து கடலடியில் படிந்தது என்று உறுதி. ஆனால் அது நேரே படிந்ததா, பிறகு கரைந்து இடம் மாறியதா என்று அது சொல்லாது.

அதனால் காலக்கணிப்புக்குத்தான் நான் முதலிடம் தருவேன். கதிரியக்கத் தனிமம் ஒன்று வேறொன்றாக மாறிய அளவை வைத்து வயது கணிக்கும் முறை இது: ஆர்சனோபைரைட்டில் ரீனியம்–ஆஸ்மியம் வயது, நரம்பின் ஓரத்தில் தங்கத்தைக் கொண்டுவந்த அதே நீரால் வளர்ந்த மோனசைட், டைட்டனைட் ஆகிய கனிமங்களில் ஏதாவது ஒன்றில் யுரேனியம்–ஈய வயது. இரண்டையும் கிழக்கு, மேற்கு இரு வகைப் படிவங்களிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மேற்கில் பசால்ட்டின் வயது வந்தால் கடலடி விளக்கம் அங்கே நிற்கும். கிழக்கில் கிரானைட்டோடு ஒத்துவந்தால் மூன்றாவதை ஒதுக்க முடியாது. எல்லாத் தங்கத்துக்கும் ஒரே பிறப்பு என்று முன்கூட்டியே முடிவுகட்டி மாதிரி எடுப்பதுதான் இங்கே செய்யக்கூடாதது.