நுவரெலியாவா, அப்புத்தளையா? இரண்டிலும் தங்கிப் பார்த்தபின்

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது யாழ்ப்பாணத்து வெயிலும் புழுதிக்காற்றும் சேர்ந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்துவிடும். மலைநாட்டுப் பக்கம் ஒருக்கால் போய்வந்தால் என்ன என்ற பேச்சும் அப்போதுதான் எங்கள் வீடுகளில் எழும். பேச்சு எழுந்த கையோடு முடிவும் வந்துவிடும்: நுவரெலியா. வேறு ஊரின் பெயர் எவர் வாயிலும் வருவதில்லை. நாங்களும் 2018 ஏப்ரலில் அப்படித்தான் புறப்பட்டு, நகரின் நடுவே ஒரு விடுதியில் மூன்று இரவுகள் தங்கினோம். 2024 ஆகஸ்டில் அதே ஐந்து பேர், அதாவது நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எழுபதைக் கடந்த என் அம்மாவும், அப்புத்தளைக்குப் போய், நகரத்துக்கு வெளியே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஐந்து இரவுகள் இருந்தோம். எது நல்லது என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் அப்புத்தளை என்றே சொல்லிவருகிறேன். அதற்கான காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

பயணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஏ-9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையே 321 கிலோமீற்றர். எங்கே போவதானாலும் அந்த இரவுப் பயணத்தைக் கழித்தே ஆகவேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு றம்பொடை வளைவுகளூடாக வீதி வழியே ஏறலாம். அப்புத்தளைக்குப் புகையிரதமே பொருத்தம். 'பொடி மெனிக்கே' வண்டி எங்களைக் கண்டியிலிருந்து நேராக அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டது. செலவில் அப்புத்தளை மலிவு: நுவரெலியாவில் மூன்று இரவுகளுக்குக் கொடுத்த வாடகை இங்கே ஐந்து இரவுகளுக்குப் போதுமானதாக இருந்தது, காலைச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். குளிரும் எங்கள் உடம்புக்கு அளவாகவே இருந்தது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்க, அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றரில் நின்றுவிடுகிறது. ஸ்வெற்றர் போதும், கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டியதில்லை.

மழையைப் பற்றி மட்டும் சற்று விளக்கிச் சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் விடுமுறை ஆகஸ்டில் வருகிறது. அந்த மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மோதி அட்டனையும் நுவரெலியாவையும் நனைத்துவிட்டு, அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் வரும்போது பெரும்பாலும் காய்ந்த காற்றாகிவிடுகிறது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுவதும் இந்தக் காய்ந்த காற்றினால்தான். பட்டிப்பொலையைக் கடந்ததும் புகையிரதம் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். நாங்கள் நுழையும்போது யன்னலெல்லாம் மழை வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபோது வெயில் எறித்தது. பிள்ளைகள் அதை மந்திரம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நுவரெலியாவுக்குரிய நியாயத்தையும் மறைக்க முடியாது. 1873இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் அமைக்கப்பட்ட வாவி, 1894இல் கட்டப்பட்ட செங்கல் தபாலகம், 1861இல் சின்கோனாப் பயிருக்காகத் தொடங்கிப் பின் பூங்காவாக வளர்ந்த ஹக்கல ஆகியவை உண்மையிலேயே பார்க்கத் தகுந்தவை. சீதா எலியவில் ஓடைக்கரைச் சீதையம்மன் கோயிலில் அம்மா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பயணத்தில் அவர் தாமாக நினைவுகூருவது அதை மட்டுமே. ஆனால் ஏப்ரல் என்பது அங்கே வசந்தகாலக் கொண்டாட்ட மாதம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் பார்க்க நாடே மேலே ஏறிவிடுவதால், வாவியைச் சுற்றிவரும் வீதியில் வாகனத்துக்குள்ளேயே ஒரு மாலை முழுவதையும் கழித்தோம். விடுதியில் போர்வை ஈரமாக இருந்தது, சுடுநீர் இரண்டாம் நாள் நின்றுபோயிற்று. இது எந்த ஊரிலும் நேரக்கூடியது என்பதால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கில் சேர்த்தது வேறொன்று. ஊர் திரும்பிய பின்னர் ஒருநாள், அங்கே யாருடன் பழகினோம் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று நாட்களில் வான் சாரதி ஒருவரைத் தவிர வேறெவரையும் நாங்கள் இரண்டாவது முறை சந்திக்கவில்லை. சீதையம்மன் கோயில் நகரத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர், ஹக்கல 10 கிலோமீற்றர், கிட்டிய புகையிரத நிலையமான நானுஓயாவும் நகருக்கு வெளியே, ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஒவ்வொன்றுக்கும் வாகனம் வேண்டும்; வாகனம் ஏறினால் ஒவ்வோர் இடத்திலும் அரைமணி, ஒரு மணி; இறங்கிய இடங்களிலெல்லாம் நம்மைப் போலவே வந்து இறங்கிய உல்லாசப் பயணிகள். ஒருமுறை பார்த்த முகத்தை மறுநாள் பார்க்க அங்கே வழியே இல்லை. மலையையும் நீர்வீழ்ச்சியையும் பார்ப்பதற்கு மட்டும் போகிறவருக்கு இதனால் நட்டம் எதுவும் இல்லை. ஊர்ச்சனத்தோடு கொஞ்சநாள் இருந்துபார்க்க விரும்புகிறவருக்கு எல்லாம் இதிலேயே தங்கியிருக்கிறது என்பது என் துணிபு. முதல்நாள் நாம் வாடிக்கையாளர். அடுத்த நாளும் அதே கடை வாங்கிலில் போய் அமர்ந்தால்தான் 'நேற்று வந்தவர்கள்' ஆகிறோம். ஊர்ப்பேச்சு அதற்குப் பிறகுதான் நம்மை நோக்கித் திரும்பும்.

அப்புத்தளையில் நாங்கள் இருந்த வீடு ஒரு ஓய்வுபெற்ற தம்பதியினுடையது. ஐயா தேயிலைத் தொழிற்சாலையில், அங்குள்ளவர் சொல்வதுபோல் 'ஸ்டோரில்', முப்பது ஆண்டுகளுக்குமேல் வேலை செய்தவர், பிள்ளைகள் கொழும்பில். வாசற்படியிலிருந்து நாற்பது, ஐம்பது அடி இறங்கினால் தோட்டப் பாதை. பாதையின் முதலாவது முடக்கில் ஒரு சிறிய கடை. அதற்குக் கீழே மாரியம்மன் கோயில். அதையும் தாண்டினால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள். எல்லாம் கால்நடைத் தூரம். காலை ஏழரை மணிக்கு இடுப்பில் படங்குச் சீலை கட்டிய பெண்கள் மலைக்கு ஏறிப்போவார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அதே பாதையால் இறங்கி வருவார்கள். நாங்கள் கடை வாங்கிலில் சாயம், அதாவது பால் விடாத தேநீர், குடித்துக்கொண்டு இருப்போம்.

முதல்நாள் எவரும் எங்களோடு பேசவில்லை. ஒரு சிரிப்பு மட்டும். இரண்டாம் நாள் கடைக்கார அக்கா, "நேத்தும் வந்தீங்கதானே, எந்த ஊரு?" என்று கேட்டார். மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சீனி போடாமலே சாயம் வந்தது. அன்று மாலை லயத்துப் பையன்கள் பாதையில் கிரிக்கெற் விளையாட எங்கள் மகனைக் கூப்பிட்டார்கள், அவன் யாழ்ப்பாணத்துப் பேச்சில் "நானும் வரட்டோ?" என்று கேட்டதை ஒருவன் திருப்பிச் சொல்ல, மற்றவர்கள் விழுந்துவிழுந்து சிரித்தார்கள். இரவு அவன் அவர்களைப் போலவே 'பேசினான்' என்றும் 'வாங்க' என்றும் சொல்லிக்கொண்டு வந்தான். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. கோயில் பூசைக்கு எங்களை அழைத்தார்கள், பொங்கலுக்குத் தேங்காய் துருவும் வேலையை அம்மா தானாகவே பிடுங்கிக்கொண்டார். மாசி மாதத்தில் வந்தால் காமன்கூத்துப் பார்க்கலாம் என்று பூசாரி சொன்னார். தப்பு அடித்து, ரதி மதனுக்கு வேடம் கட்டி, ஊரே இரவிரவாக விழித்திருக்கும் அந்தக் கூத்தை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

அந்தக் கிழமைகளில் தோட்டமெங்கும் ஒரே கதை சம்பளம். நாட்கூலி 1,700 ரூபாய் என்று அரசாங்கம் மே மாதத்தில் அறிவித்து, வழக்கினால் அது தடைப்பட்டிருந்த காலம் அது. "பேப்பர்ல ஆயிரத்தி எழுநூறு, கையில ஆயிரம்" என்று கடைக்கார அக்கா கணக்குச் சொன்னார். பின்னர்தான் அவருடைய அண்ணன் 1977 கலவரத்தின் பின்னர் வன்னிக்குப் போய்க் கிளிநொச்சித் தருமபுரத்தில் குடியேறியதை அறிந்தோம். மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த எத்தனையோ குடும்பங்கள் வன்னியில் இருப்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தருமபுரத்தை ஏ-35 வீதியில் ஒரு பேருந்துத் தரிப்பாக மட்டுமே நான் அதுவரை அறிந்திருந்தேன். இதுவும் மூன்றாம் நாள் பேச்சு. முதல்நாளிலேயே கேட்டிருந்தால் கிடைத்திராது, கேட்பதும் மரியாதையாக இருந்திராது.

யாழ்ப்பாணத்தார் ஒருவர் இதை எழுதும்போது மறைக்கக்கூடாத ஒரு விடயம் உண்டு. எங்கள் ஊர்களிலிருந்து ஆசிரியராகவும் கிளாக்கராகவும் கடைக்காரராகவும் மலையகத்துக்குப் போனவர்கள் பலர். என் அம்மாவின் தந்தையும் பண்டாரவளையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதியவர். போனவர்கள் பணத்தோடு, தோட்டத்து மக்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்: 'தோட்டக்காட்டார்'. கண்டியில் பேருந்தால் இறங்கும்போதுகூட அம்மா அதை ஒருமுறை சொன்னார். திரும்பி வரும்போது சொல்லவில்லை. ஐந்து நாளில் ஓர் ஆயுட்காலப் பழக்கம் மாறிவிட்டதென்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைக்கார அக்காவின் பெயர் தெரிந்துவிட்டபின் பொதுப்பெயருக்குத் தேவை ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

பார்க்கும் இடங்களும் இல்லாமலில்லை. அப்புத்தளை நகரிலிருந்து தம்பேதென்ன செல்லும் தோட்டப் பேருந்தில் ஏறினால், 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலையில் இறங்கி, தேயிலைச் சரிவினூடே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நடந்து 'லிப்டன் சீற்' உச்சியை அடையலாம். காலையிலேயே போய்விடவேண்டும், வெயில் ஏறியதும் முகில் வந்து மூடிவிடுகிறது. 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அதிசம் மாளிகை இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. வார இறுதியில் உள்ளே விடுவார்கள், அவர்கள் செய்யும் பழப்பாகும் வாங்கலாம். இவற்றுக்காக மட்டும் அப்புத்தளைக்குப் போகும்படி நான் சொல்லமாட்டேன்.

இனி எச்சரிக்கைகள். நான் சொன்னதெல்லாம் ஆகஸ்ட் மாதத்து அனுபவம். ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை நேராக ஊவாச் சரிவில்தான் இறங்குகிறது. அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தையில் மீரியபெத்தை லயங்களை மண் மூடியது 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகமெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டன. மலையகப் புகையிரதப் பாதையும் பெரிதாகச் சேதமுற்றது. ஆகவே புறப்படுமுன் பாதை எதுவரை திறந்திருக்கிறதென்பதைப் புகையிரத நிலையத்தில் கேட்டறிவதும், மாரிமாதங்களில் அந்தச் சரிவுகளைத் தவிர்ப்பதும் அவசியம். தைப்பொங்கல் விடுமுறையில் போவதானால் நான் இரண்டு ஊர்களையும் விட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பேன்.

முதியவர்களுக்குப் படிகள் சோதனை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்ததால் ஒருநாள் முழுவதும் வீட்டு விறாந்தையை விட்டு அவர் இறங்கவில்லை. நுவரெலியாவில் வான் வாசலுக்கே வந்தது. மருத்துவ வசதியும் நுவரெலியாவில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலியிலோ கைக்குழந்தையோடோ போகிறவர்கள் யோசிக்காமல் நுவரெலியாவைத் தெரிவுசெய்யலாம். இரண்டே நாட்கள்தான் விடுமுறை என்றாலும் அப்படியே: நான் மெச்சிப் பேசும் அந்த மூன்றாம் நாள் வருவதற்குள் நீங்கள் திரும்பும் பேருந்தில் இருப்பீர்கள். எல்லவைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒன்பது வளைவுப் பாலத்தில் ஓர் அரைநாள் நின்றோம், கூட்டம் நுவரெலியா ஏப்ரலை நினைவூட்டியது, இரவு தங்கவில்லை.

இன்னொன்று, லயம் என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, பிள்ளையைப் படிக்கவைக்கும் இடம். கூப்பிடாமல் அதன் வாசலில் போய் நிற்பதும், கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேளாமல் படம் எடுப்பதும் வேண்டாம். எங்களை உள்ளே அழைத்தது கடைசி நாளில் ஒரே ஒரு வீடு. ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்தார்கள்.

நல்லூர்த் தேருக்கு முன்னர் ஊர் திரும்பவேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை, ஆதலால் ஆறாம் நாள் புறப்பட்டோம். அடுத்தமுறை போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இனிப்புக் கொண்டுபோவதானால் பேக்கரிப் பெட்டி வேண்டாம், பனங்கட்டி கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோன ஒரு குட்டானை, அதாவது பனையோலைச் சிறுபெட்டியில் அடைத்த பனங்கட்டியை, கடைக்கார அக்கா முதலில் மருந்து என்று நினைத்தார். அம்மா ஒரு துண்டைக் கடித்துச் சாயத்தைக் குடித்துக் காட்டிய பிறகு, மிச்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் போட்டுக் கடையின் மேல்தட்டில் வைத்துக்கொண்டார். போன மாதம் தொலைபேசியில் பேசியபோது, போத்தல் வெறுமையாகிவிட்டதென்று சொன்னார்.