துஷ்டி என்று பேர் வைத்த ஆல்பம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் முப்பது வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, துஷ்டி என்கிற சாவு வீடு என்று எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியாச்சு. கனடாவில் மாண்ட்ரியலில் படிக்கிற அக்கா மகன் போன மாசம் ஒரு ஆல்பம் அனுப்பினான். அந்த ஊர்க் குழு, ஆர்க்கேட் ஃபயர். 2004-ல் வந்த அவர்களுடைய முதல் முழு ஆல்பம். பேர் 'ஃபியூனரல்', நம்ம பாஷையில் துஷ்டி.

“ஏல, துஷ்டின்னு பேரு வச்சா எவம்ல காசு குடுத்து வாங்குவான்?”

“மாமா, கேட்டுட்டு ஏசுங்க.”

பேருக்குக் காரணம் உண்டு. வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் பாடகி ரெஜின் ஷசாஞ்சின் பாட்டி, குழுவில் இருந்த பட்லர் சகோதரர்களின் தாத்தா, இன்னொரு வாத்தியக்காரர் ரிச்சர்ட் ரீட் பாரியின் அத்தை எல்லாரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்தத் தாத்தா ஆல்வினோ ரே, ஸ்டீல் கிட்டாரில் பேர் எடுத்த மனுஷன்.

துஷ்டி என்றால் இழுவையாக அழும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. டிரம்ஸ் ஓடுது, பின்னாலேயே வயலின், அக்கார்டியன், சைலபோன் எல்லாம் சேர்ந்து ஓடுது. ராக்கா, டிஸ்கோவா, சர்ச் பாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நம்ம பக்கம் வயசாளி செத்தால் கொட்டு வைத்து ஆடிக்கொண்டே கொண்டு போவோமே, அந்தக் குணம் இதில் இருக்கிறது. பாட்டு பெரும்பாலும் இங்கிலீஷ், ஊடே ஊடே பிரெஞ்சு. எனக்கு ரெண்டும் அரைகுறை. அர்த்தமெல்லாம் மருமகன் வாட்ஸப்பில் சொன்னது.

நாலாவது பாட்டு 'பவர் அவுட்'. 1998 ஜனவரியில் மாண்ட்ரியலில் பெய்த மழை ஒயரிலேயே ஐஸாக உறைந்து, பாரம் தாங்காமல் கம்பமெல்லாம் சாய்ந்து, ஊரே இருட்டில் கிடந்ததாம். அதிலிருந்து பிறந்த பாட்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது என் குடோனில் ரெண்டு ஆம்ப்ளிஃபையர் போச்சு. கரண்ட் இல்லாத அந்த ராத்திரி மொட்டைமாடிக்கு மொட்டைமாடி, “மதினி, பிள்ளைய மேல ஏத்தியாச்சா?” என்று கத்திக்கொண்டிருந்தோம். இந்தப் பாட்டில் கிட்டார் அடிக்கிற வேகத்தில் அந்தப் பதற்றம் அப்படியே இருக்கிறது. ஐஸைப் பார்க்காத எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லணும், அதுதானே என் பிழைப்பு. 12 இஞ்ச் பாக்ஸில் வைத்துக் கேட்டால் நடுச்சத்தம் நெருக்கியடிக்கிறது. வயலினும் கிட்டாரும் ஒரே வாசலில் நுழையப் பார்க்கிறது, குரல் பின்னால் மாட்டிக்கொள்கிறது. பாடகர் வின் பட்லர் குரலும் அழப்போகிறவன் கத்துகிற மாதிரி, சுருதி விளிம்பில் நிற்கும். முதல் தடவை எரிச்சலாக வந்தது. மூணாம் தடவை, துஷ்டி வீட்டில் யார் சுருதி பார்த்து அழுதார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது 'க்ரௌன் ஆஃப் லவ்'. முக்கால்வாசி இழுத்துக்கொண்டே போய், கடைசியில் தடாலென்று டிஸ்கோ ஆகிறது. கொடையில் கணியான் கூத்துக்காரர் மகுடம் என்கிற கொட்டை மெல்ல ஆரம்பித்து சாமி வருகிற வரைக்கும் ஏற்றுவார். அந்த ஏற்றம் இங்கே இல்லை, ஒரே தாவு. எனக்குப் பிடிக்கவில்லை. மருமகனுக்கு அதுதான் உசுராம்.

ஏழாவது, 'வேக் அப்' பாட்டை மட்டும் குழாயில் போட்டுப் பார்த்தேன். வார்த்தையே இல்லாமல் கும்பலாகக் குரல் எழும்புகிற இடத்தில் எதிர்வீட்டு மதினி எட்டிப் பார்த்து, “எந்தக் கோயில்ல கொடை?” என்றாள். பேஸே வராத குழாயில் இவ்வளவு நிற்கிற பாட்டு அபூர்வம்.

'ஹைட்டி', ரெஜின் தன் அப்பா அம்மா உயிருக்குத் தப்பி ஓடிவந்த நாட்டைப் பற்றிப் பாடுவது. மெட்டு கடற்கரைக் காற்று மாதிரி, விஷயமோ பிணக்குழி. கடைசிப் பாட்டும் அவருடையதுதான். காரின் பின்சீட்டில் நிம்மதியாக ஜன்னல் வழியே பார்த்து வந்த பிள்ளை. ஓட்டினவர்கள் ஒவ்வொருவராகப் போய், இப்போது அவளே ஓட்டப் பழக வேண்டியிருக்கிறது. மெல்லிசாகத் தொடங்கி, குரல் கிழிகிற மட்டும் போகிறது. எங்க அப்பா வேனில் நான் பின்னால் குழாய்களுக்கு நடுவே படுத்துக்கொண்டே முக்கூடல் வரைக்கும் போயிருக்கிறேன். வழி எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

மொத்தம் 10 பாட்டு, 48 நிமிஷம். போனிலேயே கேட்கலாம், ஆனால் ஹெட்போன் போட்டுக் கேளுங்க. துஷ்டி வீட்டில் போடலாமா என்று மருமகன் கேட்டான். ஏழாவது பாட்டைத் தாராளமாகப் போடலாம். கடைசிப் பாட்டைப் போட்டால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வேற ஆளைத்தான் உட்கார வைக்கணும்.