பண்ணாரி குண்டம்: லைவில் பார்ப்பதா, நேரில் போவதா?

பங்குனி பிறந்துவிட்டால் கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையிலும் பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதித் திருவிழா பற்றிய பேச்சுதான். இப்போது நேரில் போவதா, யூடியூப் லைவில் பார்த்துக்கொள்வதா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நான் ஒரு வருசம் அப்படி, அடுத்த வருசம் இப்படி என்று இரண்டையும் செய்திருக்கிறேன்.

கண்ணாரப் பார்க்க வேண்டும் என்றால் லைவ்தான். நேரில் பாதி நேரம் முன்னால் நிற்பவரின் முதுகும் புகையும்தான் தெரியும். போனிலோ அம்மன் அலங்காரம், பூசாரி முதலில் இறங்குவது, கடைசியில் மாடுகள் இறங்குவது எல்லாம் பக்கத்தில் தெரியும். மூட்டுவலியால் வாசப்படி தாண்டாத எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) அன்றைக்கு விடியும் முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார். அந்தக் கும்பிடு குறைச்சல் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில்களைச் சாத்தியபோது எல்லோருக்குமே அதுதானே வழி.

ஆனால் குண்டம் வேடிக்கை பார்க்க வைத்தது இல்லை, அது வேண்டுதல். பிள்ளைக்காகவோ வெள்ளாமைக்காகவோ நேர்ந்துகொண்டவர் விரதம் இருந்து, முன்கூட்டியே வந்து வரிசையில் இடம் பிடித்து, ராத்திரி முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு தரையில் கிடந்து, விடியலில் நெருப்பில் காலை வைக்கிறார். நான் நின்ற வரிசையில் பின்னால் இருந்த ஒரு அக்கா, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டி, "நீ மொதல்ல குடி கண்ணு" என்றார். என் ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை. வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தால் அவரை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

கோவையில் சிஎஸ்ஐ கிறிஸ்தவ சபைக்குப் போகும் என் தோழியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வாள்: பாட்டும் பிரசங்கமும் போனில் வந்துவிடும், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரோடும் போய் முழங்கால் போடுவது மட்டும் வராது.

அதனால் நடக்க முடிந்தவர்கள் நேரில் போங்கள். முடியாதவர்களுக்கு லைவைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாமல், வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், பிரசாதம். பண்ணாரியில் திருநீறு கிடையாது, புற்றுமண்தான். நான் நேரில் போன வருசமும் அம்மாயி போனில் ஒன்று விடாமல் பார்த்திருந்தார், ஆனாலும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அந்தப் பொட்டலத்துக்குத்தான் கை நீட்டினார். நெற்றியில் பூசிக்கொண்டு, துளி வாயிலும் போட்டுக்கொண்டு, "நம்மூர்ல இருந்து யாரெல்லாம் வந்திருந்தாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்.