கால் வலிக்காரருக்கு எந்த ஊர்: நுவரெலியாவா, எல்லவா, அப்புத்தளையா?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பத்துப் படி ஏறினால் உட்கார இடம் தேடுவார். வத்தளைக்குக் குடிவந்து இருபது வருடமாகியும் இலங்கை மலையகத்தை இன்னொரு தடவை சுற்றிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன வருடம் கூட்டிப்போனேன். மூன்று ஊரிலும் இரண்டிரண்டு இரவு தங்கினோம். நடக்க முடியாதவரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நுவரெலியா. 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் டவுன் கிண்ணத்தின் அடிமாதிரி சமதரை. கிரகரி வாவிக்கரையில் மெதுவாக நடக்கலாம், விக்டோரியா பூங்காவில் பெஞ்சில் உட்காரலாம், சீதாஎலிய கோயிலுக்கும் ஹக்கல பூந்தோட்டத்துக்கும் ஆட்டோவிலேயே போய் வரலாம். ஹக்கலயில் மட்டும் மேடு பள்ளம் உண்டு. முன்பக்கப் பூப்பாத்திகளோடு திரும்பிவிட்டோம். வயதானவர்களுக்கு வசதியான ஊர் இதுதான். ஆனால் டவுனுக்குள் இருந்தால் மலையில் இருக்கிற உணர்வே வராது. குளிர்தான் ஞாபகப்படுத்தும். ஏப்ரல் சீசனில் போகவே வேண்டாம். வாகன நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும்.

எல்ல அப்படியே எதிர். பார்க்க அழகான ஊர், ஆனால் அதன் நல்லதெல்லாம் கால் உள்ளவர்களுக்கு. எல்ல ரொக், சின்ன சிவனொளிபாதமலை இரண்டும் நடை. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கிட்ட ஆட்டோ போகும், அப்புறம் சரிவில் இறங்கவேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும். அம்மாவை இறக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லயில் கோச்சி ஏறி அடுத்த ஸ்டேஷன் தெமோதரையில் இறங்கினோம். பாலத்தின் மேலேயே போகிறோம்! தெமோதரையில் கொஞ்சம் காத்திருந்தால் இன்னொரு வேடிக்கை: ஸ்டேஷனை விட்டுப் போன ரயில் மலையைச் சுற்றி வளைந்து, அதே ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். அம்மா கைதட்டினார். ராவணன் நீர்வீழ்ச்சி ரோட்டோரம்தான், வண்டியை விட்டு இறங்காமலே தெரியும். இவ்வளவுக்கு ஒரு பகல் போதும், இரண்டு இரவு தேவையில்லை.

அப்புத்தளைக்கு நாங்கள் அதிகம் எதிர்பார்த்துப் போகவில்லை. ஊரே ஒரு முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடைவீதியில் நின்று தெற்கே பார்த்தால் தரை சட்டென்று முடிந்து, கீழே சமவெளி விரிகிறது. பத்தடி நடக்காமல் இப்படி ஒரு காட்சி மற்ற இரண்டு ஊரிலும் இல்லை. பின்னேரம் அந்தப் பள்ளத்திலிருந்து மூட்டம் கிளம்பி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, தேநீர்க் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மா பிளேன்டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடம். ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலை விளிம்பைப் பார்க்க ஹோர்டன் சமவெளியில் ஒன்பது கிலோமீட்டர் வட்டம் நடக்கவேண்டும். இங்கே தம்பேதன்ன தேயிலை ஃபெக்டரியைத் தாண்டி, கொழுந்து மலைகளுக்கு நடுவே, உச்சிக்குச் சில நிமிட நடைதூரம் வரை ஆட்டோ ஏறுகிறது. ஆட்டோக்காரத் தம்பி முதல் நாளே சொல்லிவிட்டார்: “வெள்ளன கெளம்பிருவோம் அம்மா. ஒம்பது மணிக்கு மேல மூட்டம் ஏறிரும், ஒண்ணும் தெரியாது.” ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவர் சொன்னது சரி. எட்டரைக்கே வெள்ளையாகிவிட்டது.

ஊருக்கு ஊர் போக ரயிலா ரோடா என்றால், நுவரெலியாவுக்குக் கிட்ட உள்ள நானுஓயா ஸ்டேஷனிலிருந்து அப்புத்தளை வரை கண்டிப்பாக ரயில். பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன். இதல்கஸ்ஹின்னவைத் தாண்டும்போது பெட்டியின் இரு பக்கமும் பள்ளத்தாக்கு. ஏ.சி. பெட்டியில் ஜன்னல் திறக்காது, இரண்டாம் வகுப்பில் முன்பதிவு செய்யுங்கள். சீட்டு சீக்கிரம் முடிந்துவிடும். ஒரே கஷ்டம், பெட்டிப் படி உயரம். ஒருவர் முன்னால் ஏறிக் கைகொடுக்க, ஒருவர் பின்னால் தாங்க வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மட்டும் வேன் நல்லது. இறம்பொடை நீர்வீழ்ச்சியும் தேயிலை ஃபெக்டரிகளும் அந்த ரோட்டில்தான். வளைவுகள் அதிகம், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

மூன்று நாள்தான் லீவு என்றால் அப்புத்தளையில் தங்கி, ஒரு பகல் ரயிலில் எல்லவுக்குப் போய் வாருங்கள். நுவரெலியா அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

லிப்டன் சீட்டிலிருந்து இறங்கும்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். தராசுக்குப் பக்கத்தில் நின்ற பெண்களிடம், “எத்தன கிலோ ஆயா இன்னிக்கு?” என்று கேட்டார். ஒரு அக்கா தன் கொழுந்துப் பையைக் கவிழ்த்துப்போட்டு அம்மாவை உட்கார வைத்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார்.