‘நீங்களே கைவைத்தீர்களே’ என்ற ஒரே சாக்கில் 11,000 போயிற்று

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் கூடுதல் விளக்கு, சார்ஜர், எல்.இ.டி. இண்டிகேட்டர் என்று எதையாவது சொந்தக் கையால் பொருத்தி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களை ஏமாற்றுவது மற்றவர்களை ஏமாற்றுவதைவிடச் சுலபம். பழியைப் போட ஆள் தயாராக இருக்கிறார், அது நீங்கள்தான். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. பைக்கின் மின்வேலை மட்டும் பார்க்கும் தனிப் பட்டறை என்பது போதும். வண்டியை இப்படிப்பட்ட இடத்தில் விடுவதற்கு முன் வீட்டிலேயே என்னென்ன சோதிக்கலாம் என்ற முழுப் பட்டியலைக் கடைசியில் தருகிறேன்.

என் வண்டியில் நான் செய்திருந்த வேலை பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் 20 வாட் விளக்குகள் இரண்டு, ஹேண்டில்பாரில் செல்பேசி சார்ஜர், நான்கு மூலையிலும் எல்.இ.டி. இண்டிகேட்டர். விளக்குகளுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், அதன் முனைகளுக்கு எண்கள் உண்டு) வைத்தேன். பேட்டரியிலிருந்து ரிலேயின் 30ஆம் முனைக்குப் போகும் வயரில் பியூஸ், 87இலிருந்து விளக்கு, 86க்கு இக்னிஷன் வழியாக வரும் மின்சாரம், 85 எர்த். சாவியை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும். இரண்டு விளக்கும் சேர்ந்து 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். வெகுகாலம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு கோளாறு மெல்ல ஆரம்பித்தது. முதலில் ஹாரன் கம்மியது. அடுத்து செல்ப் போட்டால் இன்ஜின் முனகிக்கொண்டு சுற்றியது. கடைசியில் காலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரில் விளக்குகள் மங்கலாக எரிந்து, செல்ப் பொத்தானை அழுத்தியதும் மொத்தமாக அணைந்தன. நான் போட்ட கூடுதல் சாமான்களின் பியூஸ்களை எல்லாம் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அதே கதை. வண்டி நிற்கும்போது பேட்டரி கசிகிறதா என்று பார்க்க, நெகடிவ் வயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். சில மில்லி ஆம்பியர்தான் போனது, அது சாதாரணம். ஆக, சார்ஜ் ஏறுவதில்தான் பிரச்சினை என்பது எனக்கே புரிந்துவிட்டது. மேற்கொண்டு பிரித்துப் பார்க்க நேரம் இல்லாததால்தான் பட்டறைக்குப் போனேன்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏமாற்றின் அச்சாணியே அங்கேதான் இருக்கிறது. அந்த மனிதர் சீட்டைக் கழற்றியதும் என் ரிலேயைத்தான் முதலில் பார்த்தார். வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். “தம்பி, இது யார் செய்தது? நீங்களா? ரிலே, பியூஸ், ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் போட்டிருக்கிறீர்களே! இங்கே வருகிறவர்கள் வெறும் டேப்பைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். சுத்தமான வேலை” என்றார். ஹீட் ஷ்ரிங்க் என்பது சூடு காட்டினால் சுருங்கி வயர் இணைப்பை இறுக்கி மூடும் குழாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு மல்டிமீட்டரை எடுத்து, பேட்டரி முனைகளில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக் காட்டினார். 12.4 வோல்ட். வேகம் கூட்டியும் ஏறவில்லை. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் அங்கே 13.5இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். அவர் காட்டிய எண் பொய்யல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். உண்மையான எண்ணைக் காட்டி, பொய்யான காரணத்தைச் சொன்னார்.

“ஸ்டேட்டர் காயில் எரிந்துவிட்டது தம்பி. அதோடு ரெகுலேட்டரும் போய்விட்டது. வயரிங் கிட் உள்ளே சூடாகி உருகியிருக்கும், அதையும் மாற்றிவிட்டால் நிம்மதி. மொத்தம் 11,000.” ஸ்டேட்டர் என்பது இன்ஜினுக்குள் மின்சாரம் பிறக்கும் செப்புச் சுருள், ரெகுலேட்டர் அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, வயரிங் கிட் வண்டியின் வயர்க் கட்டு. சாமான் வரவழைக்க வேண்டும் என்று முழுப் பணமும் முன்கூட்டியே. என் வேலையைப் பார்த்துப் பாராட்டிய மனிதர் சொல்கிறார், கொடுத்தேன். பதினோராயிரம்.

ஸ்டேட்டர் எரிந்தது என்று சொல்ல அவர் ஸ்டேட்டரைச் சோதிக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. என் வண்டியில் ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வருகின்றன. அவை போய்ச் சேரும் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) பிரித்து, இன்ஜின் ஓடும்போது இரண்டிரண்டாக வைத்து ஏசி வோல்ட் பார்க்க வேண்டும். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் காயில் நல்ல நிலையில் இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, எந்த மஞ்சள் வயருக்கும் இன்ஜின் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இருக்கக் கூடாது. சில நிமிட வேலை. அவர் அந்தக் கப்ளரைத் தொடவில்லை.

வண்டி திரும்பி வந்தபோது ஜோராக இருந்தது. செல்ப் தொட்டவுடன் பிடித்தது. ரசீது ஒரே வரி: ‘எலக்ட்ரிக்கல் வேலை முழுதும் – 11,000’. பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன். “பழைய சாமானோடு போட்டுவிட்டோம் தம்பி, உங்களுக்கு எதற்கு அந்தக் குப்பை?” சிரித்துக்கொண்டே சொன்னார். மறுவாரமே ஹாரன் மறுபடி கம்மியது. அதற்கடுத்து செல்ப் முனகியது. பேட்டரியை வெளியே வைத்து முழுக்கச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்த வேலை.

அதன்பின் நடந்ததுதான் நாடகம். முதல் தொலைபேசி அழைப்புக்கு, “புதுக் காயில் செட் ஆகக் கொஞ்சம் ஓட வேண்டும்” என்றார். செப்புக் கம்பிச் சுருள் எங்கே போய் செட் ஆகும்? அடுத்த அழைப்பை ஒரு பையன் எடுத்து, அண்ணன் வெளியே போயிருக்கிறார் என்றான். பின்னால் அண்ணனின் குரலே கேட்டது. செய்தி அனுப்பினேன், படித்ததற்கான நீல அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். இந்தத் தடவை என் ரிலேயைப் பார்த்த முகமே வேறு. “நீங்களே கைவைத்தீர்களே தம்பி. கண்டபடி வயரை இழுத்து விளக்கு மாட்டினால் எந்தப் பாகம்தான் தாங்கும்? போதாததற்கு எல்.இ.டி. இண்டிகேட்டர் வேறு, அது பேட்டரியை உறிஞ்சும்.” சுத்தமான வேலை என்று சொன்ன அதே வாய்!

இந்த எல்.இ.டி. உளறலை விட மனம் வரவில்லை. பழைய இண்டிகேட்டர் பல்பு வழக்கமாக 10 வாட். அதன் இடத்தில் வரும் எல்.இ.டி. அதில் சிறு பங்குதான் எடுக்கும். அவ்வளவு குறைவாக எடுப்பதால்தான், இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய பிளாஷர் ரிலே ஒரு பல்பு பியூஸ் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு படபடவென்று வேகமாக மின்னுகிறது. குறைவாக எடுப்பதால் வரும் தொல்லையைக் காட்டி, அதிகமாக உறிஞ்சுகிறது என்று ஒருவர் சொல்கிறார் என்றால், ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

வீட்டுக்கு வந்து வண்டியை நானே பிரித்தேன். இன்ஜினின் இடப்பக்க மூடியைக் கழற்றாமல் என் வண்டியின் ஸ்டேட்டரை வெளியே எடுக்கவே முடியாது. அந்த மூடியின் போல்ட்டுகளுக்குத் தலையில் அறுகோணக் குழி. ஒவ்வொரு குழியிலும் பழைய சேறு கல்லாகக் காய்ந்து அடைத்திருந்தது. குண்டூசியால் நோண்டித்தான் எடுக்க முடிந்தது. ஆலன் சாவி உள்ளே போகவே வழியில்லை, பிறகு எப்படி மூடியைக் கழற்றினார்கள்? மூடியின் ஓரத்தில் தெரிந்த கேஸ்கெட்டும் (எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் அடைப்பு) எண்ணெய்க் கறை ஏறிய பழையதுதான். ‘புது’ ரெகுலேட்டர் பளபளவென்று இருந்தது. என் பழைய ரெகுலேட்டரின் குளிர்விக்கும் தகடுகளில் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. புதியதிலும் அதே தகடு, அதே இடத்தில், அதே அளவுக்கு உடைந்திருந்தது! ‘புது’ வயரிங் கிட்டின் மேல் சுற்றியிருந்த புது டேப்பைப் பிரித்தேன். உள்ளே நான் போட்ட நீல ஹீட் ஷ்ரிங்க் இருந்தது. 11,000க்கு எனக்குக் கிடைத்தது ஒரு சுருள் கறுப்பு டேப்.

உண்மையான கோளாறு எங்கே இருந்தது என்று தெரிந்தால் இன்னும் எரியும். இன்ஜினை முறுக்கி வைத்து ரெகுலேட்டரின் வெளியேறும் வயரில் அளந்தேன்: 14.3 வோல்ட். அதே வேகத்தில் பேட்டரியில் 12.4. ரெகுலேட்டர் ஒழுங்காகக் கொடுக்கிறது, வழியில் 1.9 வோல்ட் காணாமல் போகிறது. மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டர் வயரிலும் மறுமுனையை அதற்கடுத்த கப்ளரின் அந்தப் பக்கத்திலும் வைத்தால் அங்கேயே அந்த 1.9 காட்டியது. கப்ளரைப் பிரித்தேன். ஒரு பின் பச்சை பூத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. 5 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு பின்னில் மட்டும் 10 வாட் அளவுக்குச் சூடு பிறக்கும், பிளாஸ்டிக் ஏன் கருகாது? அது வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கப்ளர், நான் தொட்ட இடம் அல்ல. பின்னை வெட்டி எறிந்து, புதுப் பின்கள் அழுத்தி, புதுக் கப்ளர் மாட்டினேன். இப்போது பேட்டரியில் 14.2. என் விளக்குகள், சார்ஜர் எல்லாம் போட்டு ஓட்டினாலும் 13.9க்குக் கீழே இறங்கவில்லை. நான் கைவைத்ததுதான் காரணமாம்!

படங்களோடு மறுபடி போனேன். போல்ட்டுக் குழியில் இருந்த சேற்றைக் காட்டினால், “அது நீங்கள் ஓட்டும்போது புதிதாக அப்பியது தம்பி” என்கிறார். உடைந்த தகட்டுக்கு, “அந்த மாடல் எல்லாமே அப்படித்தான் வரும்.” டேப்புக்குள் இருந்த நீலத்துக்கு மட்டும் பதிலில்லை. “மின் பாகத்துக்கு உத்தரவாதம் கிடையாது, அதுவும் நீங்கள் இப்போது பிரித்துவிட்டீர்கள்” என்று வேறு ஒரு வண்டியின் பக்கம் குனிந்துகொண்டார். 11,000 அவர் பையில்தான் இருக்கிறது.

முழுப் பட்டியல் தருவதாகச் சொன்னேன். உட்கார்ந்து வரிசைப்படுத்தும் மனநிலை இல்லை, அவசரத்துக்குச் சில மட்டும். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6க்குக் குறையக் கூடாது. பேட்டரியில் எண் குறைந்தால் ரெகுலேட்டர் வயரிலும் அளக்காமல் எதையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உடனே ரெகுலேட்டரைக் கவனியுங்கள், பேட்டரி வெந்துவிடும். பட்டறையில் விடுமுன் இன்ஜின் மூடி போல்ட்டுகளிலும் ரெகுலேட்டரிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். ரசீதில் ஒவ்வொரு பாகமும் தனித்தனி வரியாக வேண்டும். உங்கள் வயரிங்கை யாராவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் பணப்பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது புகார் மனு எழுத உட்கார வேண்டும். ஒற்றை வரி ரசீதை வைத்துக்கொண்டு, செய்யாத மூன்று வேலைகளை விளக்க எத்தனை பக்கம் ஆகுமோ தெரியவில்லை.